அடுத்தவர் அடுப்பில் நான் காய்ச்சிய பால்

சென்ற வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, கெலாங் பாத்தாவில் ஒரு புதுத் தாமான் குடியிருப்பில் நடந்தது இது. நானும் என் கணவரும் வீடுகளுக்கு உள் அலங்கார வேலை செய்து கொடுக்கிறோம். கடை தெப்ராவ் பக்கம். மரவேலை, வயரிங், ஆட்களை மேய்ப்பது எல்லாம் அவர் பாடு. டிசைன் போடுவது, வாடிக்கையாளர்களிடம் பேசுவது, முடிந்த வேலையைப் படம் பிடித்து எங்கள் இணையப் பக்கத்தில் போடுவது என் பாடு. பேசுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே வாயாடி என்று பேர் வாங்கினவள் நான்.

படம் பிடிப்பதைத்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் யார் கடைக்கு வந்து கேபினட் பார்க்கிறார்கள்? சோறு சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். பிடித்தால்தான் கூப்பிடுகிறார்கள். பெரிய கம்பெனிகள் பெரிய கேமராவோடு ஆள் வைத்து எடுப்பார்கள். எங்களிடம் இருந்தது என் கைப்பேசி ஒன்றுதான். அதனால் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்பதே அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் என் படங்களில் தெரிந்த புகைமூட்டம் எல்லாம் என் விரலில் இருந்த எண்ணெய்! போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்தால் அலமாரிகள் சாய்ந்து தெரியாது, மேல் விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் மரத்தின் நிறம் நிறமாகவே விழும், திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் கூடாமல் குறையாமல் நிற்கும். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். படங்களும் அழகாகத்தான் வந்தன. ஆனால் கூப்பிடுவதற்குத்தான் ஆளில்லை.

வகுப்பெடுத்தவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அலமாரியை மட்டும் காட்டினால் யாரும் நிற்க மாட்டார்கள், அந்த வீட்டில் தாங்கள் எப்படி வாழப்போகிறோம் என்பதைக் காட்டினால்தான் நிற்பார்கள் என்று. அது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் கெலாங் பாத்தா வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வீட்டு அக்காவுக்கு சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. விடிவதற்கு முன்பே பஸ் ஏறி இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவரின் அண்ணன் வீட்டில், கூலாயில், கூட்டுக் குடித்தனம். அந்த அண்ணன்தான் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவார்கள், ஒன்றாகத்தான் சமைப்பார்கள். ஆனாலும் முதல் சந்திப்பிலேயே அந்த அக்கா என்னிடம் சொன்னார்.

"அவங்க என்னை ஒரு நாளும் வேத்து ஆளா பாத்ததில்ல தங்கச்சி. இருந்தாலும் எனக்குன்னு ஒரு அடுப்பு பத்த வைக்கணும்னு ஒரு ஆசை. அதுக்குதான் இவ்ளோ வருஷம் ஓவர்டைம் செஞ்சேன்."

நானும் விடுவேனா? எங்கள் கம்பெனியின் பெருமையை எடுத்துவிட்டேன். தமிழர் வீடுகளில் அடுப்பு மாட்டும்போது எங்கள் ஆட்கள் கடையிலேயே எரிய வைத்துச் சோதித்துவிட்டுத்தான் கொண்டுபோவார்கள். வீட்டுக்குள் வைத்துப் பற்றவைக்க மாட்டார்கள். முதல் நெருப்பு வீட்டுக்காரர்களுடையது, பால் காய்ச்சும் அன்றைக்குத்தான் அது எரிய வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே நான்தான். வேறு இனத்து கான்ட்ராக்டர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று ஒரு குத்தும் விட்டேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. விலை குறைவாகச் சொன்ன ஒரு கம்பெனியை விட்டுவிட்டு எங்களிடம் வேலையைக் கொடுத்ததே இதற்காகத்தான் என்று பிறகு சொன்னார்.

சமையலறைச் சுவருக்கு மயில் கழுத்து நீலத்தில் டைல்ஸ் வேண்டும் என்றார். வேண்டாம் அக்கா, கண்ணைக் குத்தும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேருமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒட்டி முடித்த பிறகு பார்த்தால், அடடா, அந்தச் சுவர்தான் அந்த வீட்டுக்கே அழகு. என் தொழில் புத்தி அங்கேதான் வேலை செய்யத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக இருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ள அக்கா முன்பே சம்மதம் சொல்லியிருந்தார். அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு காலை நேரம் சாவியோடு கிளம்பினேன். கிளம்பும்போதே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. தமிழர்கள் புதுச் சமையலறையில் முதலில் என்ன செய்வார்கள்? பால் காய்ச்சுவார்கள்! அந்த நீலச் சுவருக்கு முன்னால் வெள்ளையாகப் பால் பொங்கி வழிந்தால் எப்படி இருக்கும்! பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தன் வீடு ஞாபகம் வருமே! எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பட்டுப் புடவை, சிவப்புக் கண்ணாடி வளையல், ஒரு புதுப் பித்தளைப் பானை, ஒரு பாக்கெட் பால் எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் தோங்கையும் கழற்றி வேனில் ஏற்றச் சொன்னேன்.

கணவர் தோங்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவங்க இன்னும் பால் காய்ச்சலயே. வேணாம்லா."

"கை மட்டும்தான் தெரியும், யாரு வீடுன்னு யாருக்குத் தெரியப்போவுது? அடுப்பு எரியுதான்னு பாத்த மாதிரியும் ஆச்சு" என்றேன்.

"கடையிலயே பாத்தாச்சே" என்றார்.

"நீங்க ஸ்க்ரூ முடுக்குற வேலைய பாருங்க, மார்க்கெட்டிங்க நான் பாத்துக்குறேன்" என்று ஒரு வெட்டு வெட்டினேன். தோங்கை மாட்டிக் கொடுத்துவிட்டு வேறொரு வேலையைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

தனியாகத்தான் எடுத்தேன். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பானையைச் சரியான இடத்தில் வைத்து, அடுப்பைப் பற்றவைத்தேன். நெருப்பு நீலமாக எழுந்தபோது ஒரு நொடி மனசு சுருக்கென்றது. பொய் சொல்லவில்லை, அந்த ஒரு நொடி எனக்குத் தெரிந்திருந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டு, திரையில் வெளிச்சத்தைச் சரி செய்யப் போனேன். ஆவி வெளிறிப்போய்த் தெரிந்தது. குனிந்து விரலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் 'சுர்ர்ர்' என்று சத்தம். அலமாக்! நிமிர்ந்து பார்த்தால் பால் பொங்கி வழிந்து, நெருப்பும் அணைந்து, அடுப்பு மேடை முழுக்க வெள்ளம். வீடியோ ஓடவே இல்லை. "சை, சனியன்" என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் துடைத்தேன். மிச்சப் பாலை ஊற்றி மறுபடி காய்ச்சினேன். அது நன்றாக விழுந்தது. வளையல் கை பானையின் விளிம்பைத் தொட, பால் நுரைத்து எழ, பின்னால் அந்த நீலம். நானே மயங்கிப் போனேன்.

அன்றைக்கே போட்டுவிட்டேன். அம்மாடி, அதைப் பார்த்த கூட்டத்தைச் சொல்லவா! கடைப் போன் ஓயவில்லை. மூவாரிலிருந்து ஒருவர், தங்காக்கிலிருந்து ஒருவர் என்று விலை கேட்டுக் கூப்பிட்டார்கள். கணவரிடம் போனை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் மதியம் அந்த அக்கா கூப்பிட்டார். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை.

"தங்கச்சி, நீங்க போட்ட வீடியோ, அது எங்க வீடுதானே?"

"ஆமாக்கா! சூப்பரா இருக்குல்ல?" என்றேன். இந்த வார்த்தையை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

பின்னால் ஃபேக்டரி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னார். வீடியோ சுற்றிச் சுற்றி அவர்களுடைய குடும்ப குரூப்புக்கே வந்துவிட்டதாம். டைல்ஸைப் பார்த்ததும் ஓரகத்திக்கு வீடு தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? தேர்ந்தெடுத்தவரே அவர்தானே! தங்களைக் கூப்பிடாமல் ரகசியமாகப் பால் காய்ச்சி முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அண்ணன் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். சாமி படத்தை ஏந்திக்கொண்டு முதலில் வாசல்படி தாண்ட வேண்டியவரே அந்த அண்ணன்தான். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முந்தின இரவிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

"அது நான் இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. எங்க வீட்டுக்காரரு, அண்ணன் இல்லாம புது வீட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு உக்காந்துட்டாரு. நீங்க கொஞ்சம் சொல்றீங்களா தங்கச்சி?"

திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கெஞ்சினார். என்னிடம் கெஞ்சினார்! எங்கள் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் அது எத்தனை பேருடைய போனில் ஏறியிருந்ததோ. அண்ணனுக்குப் போன் செய்தேன். என் வாய் சாமர்த்தியம் அங்கே எடுபடவில்லை. "அவங்க சொல்லி குடுத்து நீ பேசுற" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே கூலாய்க்குக் கிளம்பினோம். கணவர் வண்டி ஓட்டினார். அக்காவும் அவர் கணவரும் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. ஓரகத்திதான் இரும்புக் கதவைத் திறந்தார். வாங்க என்றார், உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த வீடியோவைப் பற்றிப் பேசத்தான் வந்திருப்பார்கள்.

"அந்தக் கை என்னோடதுதான் அண்ணி. அக்காவுக்கு ஒன்னுமே தெரியாது" என்றேன்.

ஓரகத்தி போனை எடுத்தார். அந்த வீடியோ அதில் இருந்தது. பால் எழும் இடத்தில் நிறுத்தினார். என்னைப் பார்த்து, "கையக் காட்டு" என்றார்.

நீட்டினேன். ஆள்காட்டி விரலில் எனக்கு ஒரு தழும்பு உண்டு, சாம்பிள் தகடு வெட்டும்போது கத்தி பட்டது. அவர் திரையைப் பெரிதாக்கி என் விரலையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வெளிச்சப் புள்ளி பிசகாமல், லென்ஸை நன்றாகத் துடைத்து நான் எடுத்த வீடியோ அல்லவா, தழும்பு அப்பட்டமாகத் தெரிந்தது. திருடியைப் பிடித்து வைத்துச் சோதிக்கிற மாதிரி கையை நீட்டியபடி நின்றேன். என் கணவர் எனக்குப் பின்னால் நின்றார். அவரையும் அந்த நிலையில் நிற்க வைத்துவிட்டேனே என்று அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

ஓரகத்தி போனைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுதார்.

"அந்தப் பிள்ள இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து எங்கள விட்டுட்டு ஒரு வாய் சாப்ட்டதில்ல. ராத்திரி அவ்ளோ அழுதுச்சு, நான் மூஞ்சிய திருப்பிக்கிட்டேன். அதும்மேல சந்தேகப்பட வெச்சிட்டியேம்மா!"

மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் கண் முன்னாலேயே என் போனில் இருந்த அந்த வீட்டு வீடியோ, படம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அழித்தேன். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அண்ணன் கடைசிவரை என்னைப் பார்க்கவில்லை. "வெள்ளிக்கெழம வர்றோம். அத நாங்களே அதுங்ககிட்ட சொல்லிக்குறோம். நீ போம்மா" என்றார்.

திரும்பும் வழி முழுக்கக் கணவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். எனக்குத் தாங்கவில்லை. "ஏதாவது திட்டுங்களேன்" என்றேன்.

"திட்டுனா உனக்கு லேசாயிடும்" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போவதா வேண்டாமா என்று பெரிய குழப்பம். முன்பே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்த அக்கா, அந்தக் கூத்துக்குப் பிறகும் மறக்காமல் கூப்பிட்டு "வந்துடுங்க தங்கச்சி" என்றார். போனோம். அண்ணன் சாமி படத்தோடு முதலில் உள்ளே நுழைந்தார். ஓரகத்தி பாலை ஊற்ற, அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததும், நல்ல சகுனம் என்று எல்லாரும் சந்தோஷக் குரல் எழுப்பினார்கள். இரண்டு ஓரகத்திகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அத்தனை பேர் கையிலும் போன் உயர்ந்திருந்தது. என்னுடையதை நான் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்பாடா, ஒரு வழியாகச் சரிக்கட்டிவிட்டோம் என்று மூச்சு விட்டேன். பந்தலில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடக்கூடச் செய்தேன்.

சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று அக்காவைத் தேடிப் போனேன். சமையலறையில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். யாராவது வருகிறார்களா என்று வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒன்னு கேக்கட்டா? தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க காய்ச்சினீங்களே, அது எந்தப் பக்கமா பொங்குச்சு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கிழக்கேதான் பொங்கியது, எல்லாரும் பார்த்தோமே! பிறகுதான் உறைத்தது. மற்ற எல்லாருக்கும் அந்த வெள்ளிக்கிழமை காய்ச்சியதுதான் முதல் பால். அவருக்கு அப்படி இல்லை. அந்த வீட்டில் முதலில் பொங்கியது எது என்று அவருக்குத் தெரியும். இத்தனை நாள் அதை யாரிடமும் கேட்காமல், கணவரிடம்கூடச் சொல்லாமல், மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் சரிக்கட்டியது சொந்தக்காரர்களுடைய வாயை. இவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

கிழக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார், நம்பத்தான் காத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ அளந்துவிட்ட வாய் இது. அந்த முகத்துக்கு முன்னால் அது வரவில்லை.

"பாக்கலக்கா. நான் போனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"போன்லயாவது இருக்குமா?"

இல்லையென்று தலையாட்டினேன். இருந்ததையெல்லாம் கூலாயில் அழித்துவிட்டேன். அழிக்காமல் இருந்திருந்தாலும் அதில் இருந்தது இரண்டாவது தடவை காய்ச்சியதுதான். அதையும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை.

"சரி, பரவால்ல. பாயசம் சாப்டீங்களா?" என்றவர், துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அந்த அடுப்பைச் சுற்றி நாலு பக்கமும் துடைக்க ஆரம்பித்தார். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வீடியோவைப் பார்த்து வந்த வேலைகள் சிலவற்றைச் செய்தும் கொடுத்தோம். பிழைப்பு ஆயிற்றே, இப்போதும் படம் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், வெறும் அலமாரிகளை மட்டும். தமிழர் வீடு என்றால் அடுப்பு மாட்டுவதைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் என் கணவர்தான் பேசுகிறார், எனக்கு அந்தப் பேச்சை எடுக்க நாக்கு எழுவதில்லை. அக்கா இன்றும் வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினார், அதை வாங்கும்போது எனக்குக் கை கூசியது. அந்த வீட்டின் முதல் பால் பொங்கியபோது பக்கத்தில் இருந்த ஒரே ஆள் நான்தான், அது எந்தப் பக்கம் பொங்கியது என்று இனி அந்த அக்காவுக்கு யாராலும் சொல்ல முடியாது.